வெர்னா இல்லாவிட்டால் ஜெயிக்கலாம்

ஸ்டாட்னிக் வீட்டில் குழந்தை பிறந்தால் யார் ஜாடை என்று யாரும் பார்ப்பதில்லை. வலது கைப் பழக்கமா, இடது கைப் பழக்கமா என்றுதான் பார்ப்பார்கள். அப்புறம் ஞானஸ்நானத்துக்கு நாள் குறிப்பார்கள். அந்த நாள், பனித்தளத்தில் கல் சறுக்கிவிடுகிற கர்லிங் போட்டி இல்லாத நாளாக இருக்க வேண்டும். கலினா ஊரில் அக்டோபரிலிருந்து மார்ச் வரை அப்படி ஒரு நாள் அகப்படுவது குதிரைக் கொம்பு என்பதால் அந்த வீட்டுப் பிள்ளைகள் பலரும் தாமாகவே நடந்து போய்த்தான் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டார்கள். பாதிரியாருக்கு அதில் மனவருத்தம் உண்டு. ஆனால் அவரும் வியாழக்கிழமை அணியில் இரண்டாம் கல் விடுகிறவர், அவர் என்ன பேச முடியும்?

குடும்பத் தலைவர் மெட்ரோ ஸ்டாட்னிக் கல்யாணம் செய்துகொண்ட கதையே அப்படித்தான். ஆணும் பெண்ணும் கலந்து ஆடுகிற போட்டி ஒன்றுக்கு முந்தின நாள், அவர் அணியிலிருந்த பெண் விதை விற்க வந்தவனோடு ரெஜைனாவுக்கு ஓடிப்போனாள். அவசரத்துக்கு ஓல்காவைக் கூப்பிட்டார்கள். அவள் விட்ட கல் நேரே போய் நடு வட்டத்தில் உட்கார்ந்தது. பரிசு, ஆளுக்கொரு பன்றித்தொடை. இரண்டு தொடைகளையும் ஓல்கா வீட்டு நிலவறையில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டார்கள். தாம்பூலம் மாற்றினது அவ்வளவுதான். ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம். காதல் கல்யாணமா என்று பிற்பாடு யாரோ கேட்டதற்கு, அவள் கல்லின் வேகத்தைப் பார்த்த பிறகு தனக்கு வேறு யோசனையே வரவில்லை என்றார் மெட்ரோ.

இவர்களுக்கு இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள். அப்பா கேப்டன், அம்மா கேப்டன், மகன்கள் இருவரும் கேப்டன்கள், மூத்த மகள் எல்சி எல்லோருக்கும் மேலே கேப்டன். ஒரே வீட்டில் ஐந்து கேப்டன்கள் இருந்தால் அந்த வீடு எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். உப்பை நகர்த்து என்பதைக்கூடப் பக்கத்துப் பண்ணைக்குக் கேட்கும்படிதான் சொல்வார்கள். உப்பை நகர்த்துவதற்கென்று ஆறாவதாக ஒருத்தி இருந்தாள். அவள்தான் கடைக்குட்டி வெர்னா.

கர்லிங்கில் அணிக்கு நாலு பேர், ஆளுக்கு இரண்டு கல். கேப்டன் பனித்தளத்தின் அந்தக் கோடியில், வட்டத்துக்குள் துடைப்பத்தை ஊன்றி நின்று, இங்கே விடு என்று காட்டுவாள். கடைசி இரண்டு கல் அவளுடையது, கைதட்டலும் அவளுடையது. முதல் கல்காரியின் பிழைப்பு வேறு. ஆட்டம் சூடு பிடிக்கும் முன்பே தன் இரண்டு கல்லையும் விட்டுவிட்டு, மற்றவர்கள் விடும் ஆறு கல்லுக்கும் முன்னால் ஓடி ஓடிப் பனியைப் பெருக்க வேண்டும். பெருக்கினால் கல் தூரம் போகும். பெருக்காவிட்டால் வழியிலேயே படுத்துவிடும். எப்போது பெருக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அந்தக் கோடியிலிருந்து கேப்டன் கத்திச் சொல்வாள். எல்சி கத்த, வெர்னா பெருக்க, இப்படியே இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது.

எல்சியின் தொண்டை சாதாரணத் தொண்டை இல்லை. அவள் "பெருக்கு!" என்று ஒரு குரல் கொடுத்தால் பக்கத்துத் தளங்களில் எதிரும் புதிருமாக ஆடிக்கொண்டிருப்பவர்களும் ஒரு கணம் பெருக்கிவிட்டுத்தான் நிமிர்வார்கள். பனித்தளக் கொட்டகைக்கு வெளியே தன் லாரிக் கண்ணாடியில் விழுந்த பனியைச் சாவகாசமாகத் தள்ளிக்கொண்டிருந்த ஒருவன், அவள் குரல் கேட்டு மளமளவென்று வேலையை முடித்துவிட்டான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் நம்புகிறேன்.

வெர்னா கைப்பிடித்தது லைல் டோர்கர்சனை. நல்ல பிள்ளை, கோதுமை நிலம், சொந்த டிராக்டர், எல்லாம் சரி. ஆனால் ஐஸ் ஹாக்கிக் குடும்பம். குலம் விட்டுக் குலம் போய்விட்டாளே என்று மெட்ரோ ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஹாக்கிக்காரனை அவருக்குப் பிடிக்காததற்கு முக்கியமான காரணம் ஒன்று இருந்தது. கர்லிங்கில் ஆட்டம் முடிந்தால் ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து குடிக்க வேண்டும், முதல் சுற்று ஜெயித்தவர்கள் வாங்க வேண்டும். அது சட்டத்துக்கு மேலே. ஹாக்கிக்காரன் எதிராளியின் பல்லை உடைத்துவிட்டு நேரே வீட்டுக்குப் போய்விடுகிறான், இவனோடு எப்படி சம்பந்தம் பண்ணுவது என்றார். பண்ணித்தான் ஆக வேண்டியிருந்தது.

வெர்னாவின் தலையெழுத்து கோணிக்கொண்டது அதற்குப் பிறகுதான். முதல் பிள்ளை வயிற்றில் இருந்த குளிர்காலத்தில் அவளால் பனியில் இறங்க முடியவில்லை. அவள் இடத்தில் ஒரு சித்தப்பா மகளைப் போட்டு ஆடினார்கள். எல்சியின் அணி சஸ்காச்சவன் மாகாணத்தையே ஜெயித்து, மாகாணத்தின் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நாட்டுப் போட்டிக்குப் போனது. இரண்டாவது பிள்ளை உண்டான வருஷம் மறுபடியும் ஜெயித்தது. மூன்றாவது தடவை பிள்ளை இல்லை, குடல்வால். ஜனவரியில் வெடித்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி ரேடியோவில் தன் அணி ஜெயித்ததைக் கேட்டாள் வெர்னா. தையல் ஒன்று பிரிந்துபோனது. சந்தோஷத்தில் பிரிந்தது என்று நர்ஸ் நினைத்துக்கொண்டாள்.

வெர்னா ஆடிய வருஷங்களில் என்ன ஆனது? வட்டாரத்தில் தோற்றார்கள். வட்டாரத்தைத் தாண்டினால் மாகாணத்தில் தோற்றார்கள். ஒரு தடவை இறுதி ஆட்டத்தில் மயிரிழையில் தோற்றார்கள். இப்படியிருந்தால் நாக்கு சும்மா இருக்குமா? வெர்னா இல்லாவிட்டால் ஜெயிக்கலாம் என்று முதலில் அண்ணன்மார் விளையாட்டாகச் சொன்னார்கள். பிறகு விளையாட்டில்லாமல் சொன்னார்கள். பிறகு சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. ஒவ்வொரு அக்டோபரிலும் தளத்துக்குத் தண்ணீர் விட்டு உறையவைத்த அன்று, மெட்ரோ தன் இளைய மகளைப் பார்த்து ஆசையாகக் கேட்பார்: "ஏதாவது விசேஷமா?" கூட்டுறவுக் கடையில் நாலு பேர் முன்னால் கேட்பார், லைல் பக்கத்தில் நிற்கும்போதே கேட்பார். வெர்னாவுக்கு நாற்பது தாண்டிய பிறகும் கேட்டார். தன்னால் ஆனதைச் செய்துவிட்டதாக லைல் ஒரு தரம் பதில் சொன்னான். அதற்கப்புறம் மாமனாரும் மருமகனும் கொஞ்ச நாள் பேசிக்கொள்ளவில்லை.

அப்பா வீட்டு நடையில் பச்சைச் சட்டைகள் வரிசையாகத் தொங்கும். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, அண்ணன்மாருக்கு ஆளுக்கொன்று, எல்சிக்கு மூன்று. வெர்னா தன் கோட்டை அதற்கு அடுத்த கொக்கியில் மாட்டிவிட்டு உள்ளே போவாள். சட்டை மேல் அவளுக்கு ஆசை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் சட்டையைவிட அவளுக்கு வேறொன்று வேண்டியிருந்தது. தான் பனியில் நிற்கும்போது ஒரே ஒரு தடவை ஜெயிக்க வேண்டும். வெர்னா இருந்தும் ஜெயித்தார்கள் என்று ஊர் சொல்ல வேண்டும். செத்தால் அவள் கல்லறையைப் பார்த்து ராசியில்லாதவள் என்று யாரும் நினைக்கக் கூடாது. அவ்வளவுதான்.

இந்த நிலையில் ஓர் அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை, அம்மாவின் சமையலறையில் எல்லோரும் உட்கார்ந்து பெரோகி என்கிற கிழங்குக் கொழுக்கட்டைக்கு மாவு மடித்துக்கொண்டிருந்தார்கள். வெர்னாவை உருளைக்கிழங்கு எடுத்துவர நிலவறைக்கு அனுப்பினார்கள். அவள் மடி நிறையக் கிழங்கோடு மேலே வருவதற்குள் ஓட்டெடுப்பு முடிந்துவிட்டது. தன் முழங்காலுக்கு இதுதான் கடைசி வருஷம் என்றாள் எல்சி. அதனால் இந்தத் தடவை எப்படியாவது ஜெயித்தாக வேண்டும். அதனால் முதல் கல்லுக்குச் சித்தப்பா மகள் ரூபி. வெர்னா ஐந்தாவது ஆள், அதாவது மற்ற நால்வரில் ஒருத்திக்கு ஏதாவது ஆனால் மட்டும் இறங்குகிறவள், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள். அப்பா மாவைப் பார்த்தார். அம்மா அதைவிடக் கவனமாக மாவைப் பார்த்தாள்.

"பெஞ்சுல இருந்தாலும் சட்டை வரும்டி. அதுதானே உனக்கு வேணும்?" என்றாள் எல்சி.

"பெஞ்சுல உக்காந்து வாங்குற சட்டைய உன் நாய்க்குப் போட்டு விடு" என்று சொல்லிவிட்டு, மடியிலிருந்த கிழங்கையெல்லாம் மேஜை மேலேயே கொட்டிவிட்டு வெர்னா கிளம்பினாள். மடித்து வைத்த பெரோகியில் பாதி நசுங்கியது.

வீட்டில் லைல் தொலைக்காட்சியில் ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் முதலில் சிரித்தான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தான். எழுந்து போய்த் தொலைக்காட்சியை அணைத்தான். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது அணைத்தான். அன்றைக்குத்தான் தன் புருஷன் தன்னை நேசிக்கிறான் என்பது வெர்னாவுக்குச் சந்தேகமறத் தெரிந்தது.

மறு வாரம் ஊருக்குள் குண்டு விழுந்தது. வெர்னா தனி அணி சேர்த்துவிட்டாள், அவளே கேப்டன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற பெர்னிஸ் மூன்றாம் கல். முதலும் இரண்டும் லைலின் தங்கைமார். அவர்களுக்குப் பனி தெரியும், துடைப்பம் தெரியாது. ஒருத்தி முதல் நாள் துடைப்பத்தை ஹாக்கி மட்டை மாதிரிப் பிடித்து எதிராளியின் கல்லையே அடிக்கப் போனாள். முடி திருத்தும் கடையில் பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். கோவிலில் வெர்னா எதிரே வந்தால் மெட்ரோ பக்திப் பரவசமாக ஒரு புனிதரின் படத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். ஓல்கா மட்டும் யாருக்கும் தெரியாமல் பெரோகி அனுப்பினாள். கூடவே, இடது பக்கத் தளம் வெயில் பட்ட மதியத்தில் மந்தமாக ஓடும் என்றும் சொல்லி அனுப்பினாள். தாய் மனசு அல்லவா.

வெர்னாவுக்கு எந்தக் கல் எங்கே போய் நிற்கும் என்பது விட்டவள் கையை விட்டு வருவதற்குள் தெரிந்துவிடும். இருபத்தாறு வருஷம் கல்லுக்கு ஒரு முழம் முன்னால் ஓடியவளுக்குத் தெரியாதா? தெரியாத ஒன்றே ஒன்று, கத்துவது. பிறந்ததிலிருந்து அவளைப் பார்த்துத்தான் எல்லோரும் கத்தியிருக்கிறார்கள், அவள் யாரைப் பார்த்தும் கத்தியதில்லை. இயந்திரக் கொட்டகைக்குள் போய்ப் பழகு என்றான் லைல். போய்ப் பழகினாள். அங்கே படுத்திருந்த நாய் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. தளத்தில் அவள் வாயிலிருந்து வந்தது "கொஞ்சம் பெருக்குறீங்களா?" என்பதுதான், அதுவும் கல் நின்ற பிறகு. கடைசியில் கத்துகிற வேலையை பெர்னிஸ் எடுத்துக்கொண்டாள். வெர்னா கையைக் காட்டுவாள், பெர்னிஸ் கத்துவாள். நாற்பது பிள்ளைகளை பஸ்ஸில் உட்காரவைக்கிற தொண்டை அது. அந்த ஏற்பாட்டில் அவர்கள் நவம்பரில் ஒன்றிரண்டு ஆட்டம் ஜெயித்தார்கள், டிசம்பரில் இன்னும் கொஞ்சம். ஜனவரியில் கலினா கொட்டகையிலேயே நடந்த வட்டாரப் போட்டியில், யாரும் எதிர்பார்க்காமல், இறுதி ஆட்டத்துக்கு வந்து நின்றார்கள். எதிரே எல்சி அணி. ஜெயித்த அணி மட்டும் மாகாணத்துக்குப் போகும்.

அன்றைக்குக் கலினாவில் வேறு எந்தக் கடையும் திறந்திருந்ததாகத் தெரியவில்லை. மேல்மாடிக் கண்ணாடி அறையில் ஊரே உட்கார்ந்திருந்தது. முதல் வரிசையில் மெட்ரோவும் ஓல்காவும். ஒரு மகள் நல்ல கல் விட்டால் மெட்ரோ கைதட்டப் போய், அது எந்த மகள் என்று பார்த்து, கையை மடியில் வைத்துக்கொள்வார். லைல் தன் ஹாக்கிச் சட்டையோடு பின்னால் நின்றான். யாரும் அவனுக்கு நாற்காலி தரவில்லை, அவனும் கேட்கவில்லை.

எல்சி அணி ஆரம்பத்திலேயே முன்னால் போயிற்று. அப்புறம் தடுமாறியது. தடுமாற்றத்துக்குக் காரணம் ரூபி. எல்சி பெருக்கச் சொன்னால் ரூபி நிமிர்ந்து, எதுக்கு, வேகம் இருக்கே என்று கேட்பாள். கேட்டு முடிப்பதற்குள் கல் போய்விடும். எல்சிக்கு முகம் பீட்ரூட் ஆகிக்கொண்டே வந்தது. ஆனால் வெர்னா பக்கமும் ஒன்றும் வாழவில்லை. மூன்று நாளாகக் கத்தியதில் பெர்னிஸின் தொண்டை போய்விட்டது. கடைசிச் சுற்றுக்கு வந்தபோது அவளிடமிருந்து வந்தது நோஞ்சான் சேவலின் சத்தம்.

கடைசிச் சுற்று. இரண்டு பக்கமும் சம புள்ளி. எல்சி தன் கடைசிக் கல்லை நிதானமாக விட்டாள். அது நடு வட்டத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. மிச்சம் இருந்தது ஒரே கல், வெர்னாவின் கல். எல்சி கல்லைவிட உள்ளே போய் நின்றால் வெர்னா மாகாணத்துக்குப் போவாள். அதற்கு முன்னால் நின்றுவிட்டால் எல்சி போவாள், ஊர் தன் பழைய பேச்சைத் தொடரும்.

வெர்னா குனிந்தாள், சறுக்கினாள், விட்டாள். விட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பயத்தில் கை இறுகிவிட்டது, கல்லுக்கு வேகம் போதாது. இப்போதே பெருக்கத் தொடங்கினால்தான் உண்டு. நாத்தனார்கள் இருவரும் துடைப்பத்தோடு குனிந்து, உத்தரவுக்காக அவள் வாயையே பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. அந்தக் கோடியில் கேப்டன் இடத்தில் நின்ற பெர்னிஸ் கொக்கரித்தாள், பாதி தளத்துக்குக்கூட அது எட்டவில்லை.

வெர்னா எழுந்து ஓடினாள். தான் விட்ட கல்லைத் தானே பெருக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் ஒரு கேப்டன் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. அது, கல்யாணப் பெண்ணே எழுந்து போய்ப் பந்தி பரிமாறுகிற மாதிரி. நாத்தனார்களை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, கல்லுக்கு முன்னால் துடைப்பத்தை வைத்து அழுத்தினாள். நாற்பத்து மூன்று வயது, கீழ் முதுகில் வலி, மூச்சு இரைக்கிறது. கல் தளர்கிறது. இது போதாது என்று அவளுக்கே தோன்றிவிட்டது.

எதிராளி கல் விடும்போது வட்டத்துக்குப் பின்னால் நிற்கும் கேப்டன் வாயைத் திறக்கக் கூடாது. இது கலினாவில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த மரியாதை. எல்சி அப்படித்தான் நின்றாள். துடைப்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதட்டை மடித்துக்கொண்டு நின்றாள். வெர்னா குனிந்த தலையோடு ஓடிவருவதைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

"பெருக்கு! வெர்னா! இறுக்கிப் பெருக்கு, விடாதே!"

அந்தக் குரலுக்கு வெர்னா யோசித்து ஓடுகிறவள் இல்லை. கை கால் எல்லாம் அதற்கென்றே வளர்ந்தவை. எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அவளுக்குள் ஒரு பலம் வந்தது. கல் நகர்ந்தது. இன்னும் நகர்ந்தது. எல்சியின் கல்லைத் தாண்டும் நேரத்தில் அதே குரல், "போதும், தூக்கு!" என்றது. வெர்னா துடைப்பத்தைத் தூக்கினாள். கல் மெல்லத் திரும்பி நடுவில் போய் நின்றது. வெர்னா நிற்கவில்லை. கால் வழுக்கி, உட்கார்ந்த வாக்கிலேயே சறுக்கிக்கொண்டு போய் எல்சியின் காலடியில் முட்டி நின்றாள்.

எல்சி அணியின் மூன்றாம் கல்காரி, தன் கேப்டனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று பார்த்தாள். அளக்கத் தேவையே இல்லாமல் கல் பளிச்சென்று நடுவில் இருந்தது. கண்ணாடி அறையில் இருந்தவர்களுக்கு அங்கிருந்த கூச்சலில் அந்தக் குரல்கூடக் கேட்கவில்லை, எல்சியின் வாய் அசைந்ததுதான் தெரிந்தது. அவள் ஜெபம் செய்கிறாள் என்று மெட்ரோ பக்கத்திலிருந்தவரிடம் சொல்லியிருக்கிறார்.

எல்சிதான் முதலில் கை நீட்டினாள். முகத்தில் ஈயாடவில்லை. வெர்னா கையைப் பிடித்து எழுந்துகொண்டாள், நன்றி சொல்லவில்லை. அவளுக்கு வந்தது கோபம். வாழ்நாளில் அவளுக்கென்று கிடைத்த ஒரே கடைசிக் கல், அதிலும் எல்சியின் வாய் புகுந்துவிட்டது.

வழக்கப்படி இரண்டு அணியும் மேலே போய் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். மெட்ரோவும் ஓல்காவும் வந்து கூட உட்கார்ந்தார்கள். நடந்ததை ரூபி ஒன்றுவிடாமல் மெட்ரோவிடம் ஒப்பித்தாள். மெட்ரோ வாயைத் திறந்தார், மூடினார். கூட்டுறவுக் கடையில் காப்பி குடிக்கிறவர்கள் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்றார். ரூபிக்கு ஓட்டுப்போட்டது யார் என்று கேட்டார், தானும் போட்டது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார். கடைசியில், கணக்கு தப்பிவிட்டவர் மாதிரி மேஜையைப் பார்த்துச் சொன்னார்: "வெர்னா இல்லாமத்தானே ஆடினோம். அப்புறம் எப்படித் தோத்தோம்?"

வெர்னா அக்காவைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஏன்டி கத்தினே? அது என் கல்லு."

"நின்னுபோயிருக்கும்."

"நின்னா உனக்குத்தானே நல்லது?"

"நல்லதுதான். நீ ஒத்தையில ஓடி வந்தே. நான் சும்மா நின்னு பாத்ததே இல்லையே." எல்சி காலிக் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தாள். பிறகு, யாரும் கேட்காமலே, இன்னொன்றையும் சொன்னாள். "நீ இல்லாததால நாங்க ஜெயிக்கலடி. நீ முதல் தடவை முழுகாம இருந்தப்ப சாஸ்கட்டூன்காரியும் முழுகாம இருந்தா. ரெண்டாவது தடவையும் அப்படியே. அவ இல்லாம அந்த அணி யார்கிட்ட வேணாலும் தோக்கும்."

சாஸ்கட்டூன்காரி என்றால் மாகாணத்தின் பெரிய கேப்டன், வெர்னா ஆடிய வருஷங்களில் மாகாணம் வரை போனபோதெல்லாம் அவர்களைத் தோற்கடித்தவள்.

"குடல்வால் வருஷம்?" என்று கேட்டாள் வெர்னா.

"அந்த வருஷம் அவ புருஷன் ஓடிப்போயிட்டான். ஜனவரி பூரா அழுதுகிட்டே கல் விட்டா."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

எல்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. "சொன்னா நான் ஜெயிச்சதுக்கு என்னடி மரியாதை? எதிராளி வீட்டுல பிள்ள பொறந்ததாலயும் புருஷன் ஓடினதாலயும் கெடச்ச சட்டைன்னு ஆயிடும். உன்னால தோத்தோம்னு இருந்தா, என்னால ஜெயிச்சோம்னு இருக்கும்."

வெர்னா கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட எல்சிக்குத் தேவலையாக இருந்திருக்கும். "என் பிள்ளைங்க ரெண்டு பேர் பிறந்த நாளுக்கும் கேக் வெட்டறப்பெல்லாம், நான் இல்லாததாலதான் நீங்க ஜெயிச்சீங்கன்னு நெனச்சுக்கிட்டே வெட்டினேன்டி" என்று மட்டும் சொன்னாள். ஓல்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மெட்ரோ தலையைக் குனிந்துகொண்டார். ஒவ்வோர் அக்டோபரிலும் தான் கேட்ட கேள்வி அவருக்கு அப்போதுதான் காதில் விழுந்தது போலும்.

வெர்னா எழுந்தாள். ஜெயித்தவள் வாங்க வேண்டிய முதல் சுற்றை வாங்கிவந்தாள். அப்பாவுக்கு வைத்தாள், அம்மாவுக்கு வைத்தாள், ரூபிக்குக்கூட வைத்தாள், தன் அணிக்கு வைத்தாள். எல்சிக்கு வைக்கவில்லை. கலினா கொட்டகையில் அப்படி ஒன்று நடந்ததே கிடையாது. ஹாக்கிக்காரனான லைலுக்கே தூக்கிவாரிப்போட்டது. பக்கத்து மேஜைக்காரர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள்.

யாரும் எல்சிக்குப் பரிந்து பேசவில்லை. அப்புறம் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தானே போய்த் தனக்கு ஒரு விஸ்கி வாங்கிக்கொண்டு வந்தாள். கோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் போகவில்லை. மேஜையைச் சுற்றி வந்து வெர்னாவின் நாற்காலிக்குப் பின்னால், கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாகாணமே அறிந்த அந்தத் தொண்டையிலிருந்து, பக்கத்தில் இருப்பவளுக்கு மட்டும் கேட்கும்படி குரல் வந்தது.

"சாஸ்கட்டூன்காரி இந்த வருஷம் நல்லா விடறா. ஆனா சுற்று கடைசியில அவளுக்கு அவசரம். அந்த நேரத்துல நடுவுல ஒரு கல்ல நிறுத்தி மறைச்சிட்டா, அவ சுத்தி வரத் தெரியாம மோதுவா."

"எனக்குத் தெரியும்" என்றாள் வெர்னா, திரும்பாமல். "அவ கல்லயும் நான்தானே பக்கத்துல நின்னு பாத்தேன்."

வெர்னா தன் கோப்பையில் ஒரு வாய் குடித்தாள். பிறகு நாற்காலியை இழுத்து நகர்த்தி, பக்கத்தில் இடம் விட்டாள்.

"உக்காரு. வேற என்ன தெரியும், சொல்லு."